நிறத்தை வைத்து ஓக் மர வகையைச் சொல்ல முடியாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது

‘சிவந்திருந்தால் சிவப்பு ஓக், வெளுத்திருந்தால் வெள்ளை ஓக், எதுவானாலும் நல்ல வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்’ என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

வெள்ளை ஓக்கிலும் இளஞ்சிவப்பு படரும், சிவப்பு ஓக்கும் வெளிறியிருக்கும். பார்க்க வேண்டியது பலகையின் வெட்டுமுனையை. வைரப் பகுதியிலிருந்து (மரத்தின் கெட்டியான உள்பகுதி) விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்திருப்பதால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் டைலோஸ் என்ற அடைப்பு இருக்கும், காற்று போகாது. திரவம் நிரப்பும் பீப்பாய்களை அதில் செய்வதும் இதனால்தான். செஸ்ட்நட் ஓக் மட்டும் விதிவிலக்கு: வெள்ளை ஓக் வகைதான், ஆனால் துளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதனால் பலகையின் முகத்தில் தெரியும் கதிர்க்கோடுகளையும் (இழையோட்டத்தின் திசையில் தெரியும் மெல்லிய கருங்கோடுகள்) பாருங்கள். சிவப்பில் அவை பெரும்பாலும் 1 அங்குலத்துக்குள் முடியும், வெள்ளையில் அதைவிட நீளும்.

சரி, வெயில்? நல்ல மரம் வீணாவது இங்கேதான். மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். முதலில் மேலே மயிரிழை வெடிப்பு, அப்புறம் உள்ளே தேன்கூடு போன்ற பிளவுகள். அறுத்த பிறகுதான் கண்ணில் படும்.

வெட்டியவுடன் முனைகளில் மெழுகுப் பூச்சு கொடுங்கள். நிழலில், இடையிடையே காய்ந்த ரீப்பர் வைத்து அடுக்குங்கள். வெள்ளை ஓக்கை இன்னும் மெதுவாக உலர்த்துங்கள். வீட்டுச் சாமான் என்றால், பிறகு மரம் உலர்த்தும் சூளையில் வைத்து ஈரப்பதத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.