அந்த ரெண்டு கட்டமும் ஒரே ஆளுடையது இல்லை

கிராஃபிக் கம்யூனிகேஷன்ஸ், அதாவது அச்சுத்துறைப் படிப்பு, முடித்தவர்களின் சம்பளத்தையும் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அமெரிக்கக் கல்லூரிகளில் 'பெஸ்ட்' எது என்று டிக் அடித்த அட்டவணையைத்தான் சொல்கிறேன். ரெண்டு நாளாக அதுதான் ஓடுகிறது. 'கிராஃபிக் கம்யூனிகேஷன்ஸ்: சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவு, கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.' கண்ணை மூடச் சொல்பவர் எதையோ மறைக்கிறார் என்றுகூட நினைக்கவில்லை. அவரே திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எண்கள் அமெரிக்க அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் எடுத்தவை. தளத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டதால் சம்பளமும் கடனும் ஒரே ஆளுடையது ஆகிவிடுமா? சம்பளக் கட்டத்தில் இருப்பவர்கள் அரசின் கல்வி உதவி வாங்கி, படித்து முடித்து, இப்போது வேலையிலும் இருப்பவர்கள். வேலை கிடைக்காதவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். கடன் கட்டத்தில் இருப்பவர்கள் அரசுக் கடன் வாங்கியவர்களில் படிப்பை முடித்தவர்கள். மூன்றாம் வருஷம் கடனோடு வெளியேறியவர் ரெண்டிலும் இல்லை. தனியார் கடன் அதில் சேராது. பெற்றோர் பெயரில் எடுத்த கடன் வேறு இடத்தில் இருக்கிறது, தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

இன்னொன்று. அங்கே பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் தன் பெயரில் எடுக்கும் அரசுக் கடனுக்கு மொத்த உச்சவரம்பே 31,000 டாலர். கட்டணம் ஆகாயத்தில் இருக்கும் கல்லூரியானாலும் அந்தக் கட்டத்து எண் அதற்கு மேல் ஏறுவது அபூர்வம். மிச்சத்தை அப்பாவோ, அம்மாவோ, தனியார் வங்கியோ சுமக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் 'கடன் கம்மி' என்று கைதட்டுகிறோம்.

அதைவிடக் கூத்து அந்த வரிசையின் தலைப்பு. படிப்புகளை வகைப்படுத்தும் அவர்களுடைய எண் வரிசையில் 10.03 கிராஃபிக் கம்யூனிகேஷன்ஸ். அதற்குள் ப்ரீபிரஸ் (ஃபைலை அச்சுக்குத் தயார் செய்வது), ப்ளேட் (மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு) எடுப்பது, அச்சு மெஷின் ஓட்டுவது, பிரிண்டிங் மேனேஜ்மெண்ட் எல்லாம் வரும். சரி. கூடவே அனிமேஷன், வீடியோ கிராஃபிக்ஸ், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸும் அதே 10.03தான். கிராஃபிக் டிசைனோ அங்கே இல்லவே இல்லை, அது 50.04இல் டிசைன் கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஆக ஒரு கல்லூரியின் எண் அனிமேட்டருடையதாக இருக்கலாம், இன்னொன்றின் எண் மெஷின்மேனுடையதாக இருக்கலாம். ரெண்டையும் மேலும் கீழும் அடுக்கி 'இது பெஸ்ட்' என்று டிக் போடுகிறார் நம்மாள்.

திரும்பவும் சொல்கிறேன், ஒரே ஆளுடைய எண் இல்லை. உங்கள் பிள்ளையுடையது நிச்சயமாக இல்லை.

'கடன் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டாவிட்டால் போதும்' என்று ஒரு சூத்திரம் வேறு. போட்டுப் பார்ப்போமே. நாலு வருஷப் படிப்பு, வருஷ ஆரம்பத்தில் 25 வீதம் மொத்தம் 100 கடன், 10 சதவீத வட்டி. படிக்கும் காலத்தில் தனிவட்டி மட்டுமே ஓடினாலும் கடைசித் தேர்வு முடியும்போது பாக்கி 125. பத்து வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை 1.65, மொத்தம் கட்டுவது 198. வருஷச் சம்பளம் 100 என்றால் மாதம் 8.33. வரி பிடிக்கும் முன்னாலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பாரம் என்று பதினைந்து வருஷத்துக்கு இழுத்தால் தவணை 1.34 ஆகும், மொத்தம் 242 ஆகும். தவணை கையில் வரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டுமானால், இந்த வட்டியில் பத்து வருஷத்தில் அடைப்பதானால், வாங்கும் கடன் ஒரு வருஷத்துக்குக் கையில் வருவதில் பாதியைத் தாண்டக் கூடாது. இதுதான் கணக்கு. இனிப்பாக இல்லை, என்ன செய்ய?

'பிள்ளைகள் கனவைக் கெடுக்காதீர்கள்' என்று ஒருவர் வருவார். வரட்டும்.

'கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை கடன் வாங்காமல் எப்படிப் படிப்பது?' இது நியாயமான கேள்வி. வாங்காதே என்று நான் சொல்லவே இல்லை. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வர முடிந்தால் மேலே சொன்ன 1.65 தவணை 1.32 ஆகிறது, மொத்தச் செலவு 198இலிருந்து 184க்கு இறங்குகிறது. ரெண்டு வருஷ டிப்ளமோ முடித்து நேரே இடை வருஷத்தில் சேரலாம். ஆனால் எந்தெந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். வாய்வார்த்தையை நம்பினால் ஒரு வருஷம் கூடப் படிக்க நேரும், அதற்கும் கடன். செலவுப் பட்டியலில் லேப்டாப், சாஃப்ட்வேர் சந்தா, போர்ட்ஃபோலியோ பிரிண்ட் எல்லாவற்றையும் எழுதுங்கள். சந்தாவின் மாணவர் சலுகை படிப்போடு முடியும், தவணை தொடங்கும் நேரம் பார்த்து முழு விலையில் வந்து நிற்கும்.

'பிரிண்ட் செத்துப்போச்சு, இதுக்கெல்லாம் டிகிரியா?' இதைத்தான் தாங்க முடியவில்லை. மாத்திரை அட்டை, பால் பாக்கெட், ஷாம்பு பாட்டில் லேபிள் எல்லாம் ஸ்கிரீனிலா வருகிறது? வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் (அடியில் இருக்கும் கலர் மேலேயே அச்சடி என்ற கட்டளை) போட்டு ஃபைல் அனுப்புவார்கள். ஸ்கிரீனில் பளிச்சென்று தெரியும், ப்ளேட்டில் எழுத்தே இருக்காது. பொடி எழுத்தை நாலு கலர் மையும் கலந்த கறுப்பில் வைப்பார்கள். ரெஜிஸ்டர் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது) துளி விலகினாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். கோட்டிங் இல்லாத பேப்பரில் நாலு கலரையும் கூட்டி மொத்த மை 360 சதவீதம் ஏற்றுவார்கள். காயாது, அடுக்கிய கட்டில் அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் கலர்) விடாமல் அனுப்பிவிட்டு, வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரிந்தால் அச்சகத்துக்காரனைத் திட்டுவார்கள். இதையெல்லாம் ப்ளேட் எடுக்கும் முன்னால் பிடிக்கிறவருக்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம் ஏறுகிறது. எஸ்டிமேட் போடத் தெரிந்தவருக்கும், கலர் அளந்து நிறுத்தத் தெரிந்தவருக்கும் இன்னும் ஏறும். இவர்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டு அட்டவணை போட்டிருக்கலாம். எங்களை யார் கேட்கிறார்கள்? மைக்கறை படிந்த கை போட்டோவில் அழகாக இருக்காதே.

'ஏஐ வந்துவிட்டது' என்பவர்களுக்கு: ஏஐ செய்த படமும் பெரும்பாலும் ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி கலரில், பத்தாத ரெசொல்யூஷனில்தான் எங்கள் டேபிளுக்கு வருகிறது.

பணம் கட்டும் முன்னால் லேபைக் காட்டச் சொல்லுங்கள். ப்ளேட்செட்டரில் கடைசியாக ப்ளேட் எடுத்தது எப்போது? ஃப்ளெக்ஸோ (பாக்கெட், லேபிள் அச்சடிக்கும் முறை), டிஜிட்டல் மெஷின்கள் ஓடுகின்றனவா, காட்சிக்கு நிற்கின்றனவா? ஒரு மாணவர் செமஸ்டருக்கு எத்தனை மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்கிறார்? கலர் அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரைக் கையில் தருகிறார்களா, பீரோவில் பூட்டியிருக்கிறதா? பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா? போன வருஷம் முடித்தவர்களின் கம்பெனிப் பெயர் வேண்டாம், பதவிப் பெயரைக் கேளுங்கள். 'மல்டிமீடியா எக்சிக்யூட்டிவ்' என்று மட்டும் வந்தால் என்ன வேலை, மாதம் கையில் என்ன வருகிறது என்று விடாமல் கேளுங்கள். அந்தத் தொகையை வைத்து மேலே இருக்கும் தவணைக் கணக்கைப் போடுங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் லேபின் ஏசியைக் காட்டிப் பேச்சை மாற்றினால், அந்தக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்.