வகுப்பறைக்கு வெளியே கற்றதை யார் கேட்கிறார்கள்?

சில ஆண்டுகளாக எந்த ஆசிரியரைச் சந்தித்தாலும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வருகிறேன். உங்களிடமிருந்து கற்காத ஒன்றை உங்கள் மாணவர் ஒருவர் நன்றாகக் கற்று வைத்திருக்கிறார் என்பது உங்களுக்கு எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதே அந்தக் கேள்வி. பெரும்பாலானவர்கள் சற்று நேரம் யோசித்துவிட்டு ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். நான் கேட்டவரை அந்த நிகழ்ச்சிகள் ஏறக்குறைய எல்லாமே தற்செயலாக நேர்ந்தவை. மாணவர் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையாலோ, வழியில் நேர்ந்த சந்திப்பாலோ ஆசிரியருக்குத் தெரியவந்தவை. ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது பள்ளிக்குத் தற்செயலாகத்தான் தெரியவருகிறது என்றால், அதை நாம் பெரிய குறையாகவே எண்ண வேண்டும்.

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கோணங்கள் பற்றிய பாடம். கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் மூலைவிட்டத்தைக் காட்டி 45 பாகை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வடிவியலில் எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்கும் மாணவி ஒருத்தி, "டீச்சர், அந்தக் கோட்டுல வெட்டினா துணி இழுபடும்" என்றாள். பாடத்தைக் கவனி என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, எங்கே காட்டு பார்ப்போம் என்றார். மாணவி தன் கைக்குட்டையை எடுத்தாள். ஓரத்தை ஒட்டி இழுத்தபோது அது அசையவில்லை. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தபோது அது ஒரு திசையில் நீண்டு, மறுதிசையில் ஒடுங்கியது. கழுத்து வளைவுக்குப் பைப்பிங் என்னும் ஓரப்பட்டை வைக்க வேண்டுமானால் துணியைக் குறுக்காக, கிராஸ் பீஸாகத்தான் வெட்ட வேண்டும், நேர் துண்டாக வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும் என்று, அம்மாவோடு தையல் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்து தெரிந்துகொண்டதை விளக்கினாள்.

பக்கங்களின் நீளம் மாறவில்லை, கோணங்கள் மட்டுமே மாறின, அதனால் ஒரு மூலைவிட்டம் நீண்டு மற்றொன்று குறுகியது, சதுரம் சாய்சதுரமாகிவிட்டது. "மூணு வாரம் கழிச்சு நான் நடத்தவேண்டிய பாடம் அவ கையில இருந்துச்சு" என்றார் அந்த ஆசிரியை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமையைவிடக் கவலைதான். அன்று 'கவனி' என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் வாயே திறந்திருக்க மாட்டாள் என்றார்.

இது ஒரு வகுப்பில் மட்டும் நடந்த அதிசயம் அன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை ஆராய்ந்து டெரெசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்ட கட்டுரை கல்வி ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்) என்றால் 4 காய்க்கு எவ்வளவு என்று வாங்க வந்தவராகக் கேட்டபோது, மூன்று காய்க்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5 சேர்த்தால் 140 என்று மனத்திலேயே போட்டுச் சரியாகச் சொன்ன பிள்ளை, அதே 35 பெருக்கல் 4 என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 200 என்று விடை எழுதியது. வியாபாரக் கேள்விகளில் 98 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகச் சொன்ன அந்தச் சிறுவர்கள், வெறும் எண்களாகக் கொடுத்த கணக்குகளில் 37 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆராயப்பட்டவர்கள் ஐந்து பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த 200 என்ற விடை என் மனத்தைவிட்டுப் போவதில்லை. கையில் இருந்த அறிவை அந்தப் பிள்ளை தாளின் அருகே கொண்டுவரவே இல்லை. அங்கே அதற்கு இடம் உண்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு பள்ளியே வேண்டாம், வாழ்க்கையே பள்ளி என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. துணி குறுக்கே இழுபடும் என்பது அந்த மாணவிக்குத் தெரியும்; ஏன் என்பது தெரியாது. அதே காரணத்தால்தான் நான்கு சட்டங்களை இணைத்துச் செய்த கதவு ஒருபக்கமாகச் சாய்கிறது, குறுக்குச் சட்டம் அடித்தால் நிற்கிறது என்பதை அவள் தையல் இயந்திரத்தின் அருகே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது. மூன்று மூன்றாகக் கூட்டும் வழி 4 தேங்காய்க்குப் போதும். 347ஐ 68ஆல் பெருக்க வேண்டி வந்தால் அது கைகொடுக்காது. ஒன்றில் கண்டதை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லப் பெயரும் விதியும் எழுத்தும் வேண்டும், அவற்றைத் தருவது வகுப்பறைதான். வெளியே கற்றதும் உள்ளே கற்றதும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தை உருவாக்குவதே ஆசிரியரின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கற்பிக்கும் வரிசையைப் பற்றியும் இந்த உரையாடல்கள் என்னை யோசிக்கவைத்தன. லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகியவர்களை 1970களில் ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் லேவ், பழகுநர்கள் ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது போன்ற முடிப்பு வேலைகளில் தொடங்கி, பிறகு தைக்கவும் கடைசியில் வெட்டவும் கற்றதைப் பதிவு செய்தார். ஆடை உருவாகும் வரிசைக்கு நேர்மாறான வரிசை அது. வெட்டில் பிழை செய்தால் துணி வீண்; ஓரத்தில் பிழை செய்தால் பிரித்துத் தைக்கலாம். அதைவிட முக்கியம், முழு ஆடை எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே கையில் பிடித்துப் பார்த்துவிடுகிறார்கள். நம் பாடநூல்கள் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, முழு உருவத்தைக் கடைசி அத்தியாயத்தில் காட்டுகின்றன. அங்கே போய்ச் சேருமுன் பல பிள்ளைகளுக்கு ஆர்வம் வற்றிவிடுகிறது.

கல்விச் சுற்றுலாவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் விடை நிரப்பும் தாளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், வகுப்பறை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் எளிதில் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்றை மூத்த ஆசிரியர் ஒருவர் எழுப்பினார். வெளியே கற்பதற்குப் பள்ளி மதிப்புக் கொடுத்தால், புத்தகமும் பயணமும் பயிற்சி வகுப்பும் வாய்த்த வீட்டுப் பிள்ளைகளே அதிலும் முந்துவார்கள், மற்றவர்கள் இங்கேயும் பின்தங்குவார்கள் என்றார். நியாயமான அச்சம். அதனால்தான் இதை மதிப்பெண்ணாக்கக் கூடாது என்கிறேன். அமெரிக்காவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறு வழியில் சென்றார்கள். ஆசிரியர்கள் உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்குக் கற்றுக்கொள்ள வந்தவர்களாகச் சென்று, விவசாயம், கட்டட வேலை, மருத்துவம், வணிகம் என அங்கே நிறைந்திருந்த அறிவைக் கேட்டறிந்து, அதிலிருந்து பாடங்களை அமைத்தார்கள். குறை தேடிப் போகாதபோது எந்த வீடும் வெறும் வீடாகத் தெரிவதில்லை.

நேரம் எங்கே இருக்கிறது, போர்ஷன் முடிக்க வேண்டாமா என்று கேட்காத ஆசிரியர் இல்லை. அந்த நெருக்கடி உண்மையானது. அதை அவர்கள்மீது சுமத்தியவர்களே முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பதற்கு எப்போதும் அதிக நேரம் தேவைப்படுவதில்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்களின் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார்.

கைக்குட்டை நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தக் கணக்கு ஆசிரியை ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். மாணவர் ஒருவருக்கு ஒரு பக்கம். தனக்குத் தெரியாத எது அந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்பதை மட்டும் அதில் எழுதுகிறார். பஞ்சர் ஒட்டுவது, கைக்குழந்தையைத் தூங்கவைப்பது, மழை வருமுன் எறும்புகள் போகும் திசை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது. கடைசியாகப் பேசியபோது 38 பக்கங்களில் 11 இன்னும் வெறுமையாக இருப்பதாகச் சொன்னார். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளைகளின் பக்கங்கள் அவை. யாரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று இப்போது அந்தப் பதினோரு பெயர்களையும் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறார்.