வெறும் இரைச்சல் இல்லை
அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்' (1975) என்ற இசைத்தொகுப்பு, இசை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்கச் செய்த கேலி என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு இல்லை, தாளம் இல்லை, சரி. ஆனால் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: இடது காதில் ஒன்று, வலது காதில் வேறொன்று. ஆம்ப் முன்னால் நிற்கும் கிதார் தன் ஒலியையே திரும்ப வாங்கிக் கத்துகிறது. அந்தக் கத்தலை ஒலிப்பதிவு நாடாவின் வேகத்தை மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், கீச்சொலிக்குள் குருவிக் கூட்டம் மாதிரி சின்னச் சின்ன சுரங்கள் ஓடுவது பிடிபடும். (முதல் தடவை ஸ்பீக்கர் வயர்தான் போச்சு என்று எழுந்துபோய்ப் பார்த்தேன்.) இரட்டை இசைத்தட்டின் நான்காம் பக்கத்தில் கடைசிப் பள்ளம் வட்டமாக மூடியிருக்கும், ஊசியை நாமே தூக்கினால்தான் ஓயும்.

அப்புறம், 2002இல் பெர்லினில் ட்ஸைட்கிராட்ஸர் என்ற இசைக்குழு இதை வயலின், செல்லோ என்று சாதாரண வாத்தியங்களுக்கு எழுதி மேடையில் வாசித்தது. லூ ரீடும் கிதாரோடு வந்து சேர்ந்துகொண்டார். கேலிக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.