கேட்டி பௌமன்: படம்பிடித்தவர் அல்லர், படத்தைச் சோதித்தவர்

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் திரளின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் வெளியானபோது, மடிக்கணினியின் முன் வாயைப் பொத்தியபடி மகிழ்ச்சியில் திளைத்த ஆய்வாளர் கேட்டி பௌமனின் ஒளிப்படமும் உலகெங்கும் பரவியது. ஒரே நாளில் கருந்துளையைப் படம்பிடித்த பெண் என்று பெயர் பெற்றார். நிரலை எழுதியவர் வேறொருவர் என்று அவரை இழித்துரைக்க ஒரு கூட்டமும் உடனே கிளம்பியது. அந்த நிரலாளரே இதைப் பொதுவெளியில் கண்டித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் அவருடைய உண்மையான பங்களிப்பைக் கவனிக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

பௌமன் வானியல் படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவர் அல்லர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று, எம்.ஐ.டி.யில் 2017இல் முனைவர் பட்டம் பெற்றவர். மாணவியாக இருந்தபோதே, கருந்துளையைப் படம்பிடிக்க முயன்ற பன்னாட்டுத் திட்டமான நிகழ்வெல்லைத் தொலைநோக்கித் (Event Horizon Telescope) திட்டத்தில் சேர்ந்தார். ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்தக் கருந்துளையை 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பிரித்துக் காண்பதற்குப் பூமியளவு பெரிய தொலைநோக்கி வேண்டும். அதற்கு ஈடாக, ஐந்து இடங்களில் இருந்த ஏழு தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் ஒருங்கே நோக்கின. ஆனால் இப்படிக் கிடைப்பது முழுப் படமன்று. ஆங்காங்கே சில அளவீடுகள் மட்டுமே. அந்த அளவீடுகளுக்கு எண்ணற்ற படங்கள் பொருந்தும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான், கருந்துளையைச் சுற்றிக் கோட்பாடு எதிர்பார்க்கும் ஒளி வளையத்தைக் காண வேண்டும் என்னும் நம் விருப்பமும் அறியாமல் நுழைந்துவிடக்கூடும்.

இந்த ஆபத்தை நேர்மையாக எதிர்கொண்டதையே நான் அவருடைய பெரும்பணியாகக் கருதுகிறேன். அளவீடுகளிலிருந்து படத்தை உருவாக்கும் பணியை ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவர் அவர். 2018இல் நான்கு குழுக்கள், ஒன்றின் முடிவை மற்றொன்று அறியாதபடி, ஏழு வாரங்கள் தனித்தனியே உழைத்தன. நான்குக்கும் வளையமே கிடைத்தது. அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. நடுவில் துளையே இல்லாத வட்டத்தட்டு போன்ற பொய்த் தரவுகளை உருவாக்கி, அத்தட்டைச் சரியாக மீட்கும்படி மென்பொருளின் அமைப்புகளைச் செப்பமிட்டு, பிறகு உண்மைத் தரவை அதனிடம் கொடுத்தார்கள். அப்போதும் வளையமே வந்தது. எனக்கு இப்பணியில் எல்லாவற்றையும்விட நம்பிக்கை அளித்தது இந்த ஒரு சோதனைதான். அவர் 2016இல் முன்வைத்த சர்ப் (CHIRP) என்னும் படமாக்கும் கணினி வழிமுறையே படத்தைத் தந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சரியன்று, வெளியிடப்பட்ட படம் வேறு மூன்று வழிமுறைகளின் முடிவுகளைச் சராசரியாக்கிப் பெறப்பட்டது.

2019 முதல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் பணியாற்றும் அவர், நம் பால்வீதியின் மையத்திலுள்ள கருந்துளையின் படத்திற்கும் உழைத்தார். 2022 மே 12 அன்று அது வெளியானது. அங்கே வாயு சில நிமிடங்களிலேயே சுற்றிவந்துவிடுவதால், நோக்கிக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறிவிடுகிறது. 2024இல் அவருடைய குழு, அதே கருந்துளையைச் சுற்றிய ஒளிப்பிழம்பை முப்பரிமாணத்தில் மீட்டது. ஒளி எப்படி வளைகிறது, வாயு எப்படிச் சுழல்கிறது என்னும் அனுமானங்கள் இன்றி அம்மீட்பு இயலாது. இயந்திரக் கற்றல் இத்தகைய படங்களை மேலும் எளிதாக்கிவரும் இந்நாளில், துளையில்லாத தட்டைக் கொண்டு செய்ததைப் போன்ற சோதனைகளையும் படத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.