விலை கைப்பிடிக்கா, அலகுக்கா?

'விலையுயர்ந்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் போதும்' என்கிறது மடக்குக் கத்திகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. கிறிஸ் ரீவ் செபென்சா என்ற விலையுயர்ந்த மடக்குக் கத்தியில் டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பக்கமே ஸ்பிரிங் போல வளைந்து வந்து அலகைப் பூட்டும். திருகுகளைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டலாம். அந்த வேலைப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் நன்றாக வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

என் சட்டைப் பையில் இருப்பது ஓபினெல் 8 என்ற எளிய மடக்குக் கத்தி, கார்பன் எஃகு. பீச்மரக் கைப்பிடி, அலகைப் பூட்ட 1955-இல் வந்த அதே சுழலும் வளையம். அலகு மெல்லிசு என்பதால் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கும். முதல் மாங்காய் நறுக்கிய அன்றே அலகு நீலம் பாய்ந்து கறுத்தது. துருவோ என்று பயந்தேன். புளிப்புப் பட்டால் அப்படித்தானாம். ஈரம் துடைத்து வைத்தால் போதும்.

கட்டுரை தொடாத விஷயம் சாணை. விலை கூடிய கத்திகளின் பவுடர் எஃகு, அதாவது உலோகத் தூளை அழுத்திச் செய்யும் எஃகு, கூர்மையை ரொம்ப நாள் பிடித்து வைக்கும், வாஸ்தவம். ஆனால் மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். வைரக் கல் வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் சக்கரச் சூட்டில் பதமே போய்விடலாம். என் கார்பன் கத்திக்கு வீட்டுக் கல்லில் ஐந்து நிமிடம்.

அப்புறம், ஆயுசுக்கு என்கிறார்களே, தொலையாமல் இருந்தால்தானே? நான் ஆசையாக வாங்கிய விலைகூடிய கத்தி, கைப்பையில் மறந்து வைத்ததால் விமான நிலையச் சோதனையோடு போய்விட்டது. எட்டே மாதம்.