‘ரவிவர்மா பிரஸ்’ என்று இருந்தால் ரவிவர்மா வரைந்ததா?

கையெழுத்து இல்லாத பழைய சாமி படத்தின் அடியில் ‘ரவிவர்மா பிரஸ்’ என்று இருந்தால் அது ராஜா ரவிவர்மா வரைந்ததுதான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது சரியில்லை. அந்த வரி அச்சகத்தின் பெயர், ஓவியரின் பெயர் அல்ல.

1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தை, தன் காலத்திலேயே ஃப்ரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார் ரவிவர்மா. 1906-இல் அவர் இறந்த பிறகும் அதே பெயரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. அப்புறம் எப்படி எல்லாவற்றையும் ஒருவர் கணக்கில் எழுதுவது?

நம் வீட்டுப் பூஜையறைகளில் உள்ள காலண்டர் படங்களுக்கு இந்தத் தவறு இன்னும் அதிகம் நடக்கிறது. அவற்றில் பல கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சானவை. அந்த மனிதருக்குச் சேர வேண்டிய பெயர் வேறொருவருக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஓரங்களைப் பாருங்கள். கையெழுத்து பெரும்பாலும் கீழ் மூலையில், சட்டத்துக்குள் மறைந்திருக்கும். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது கல்லச்சு (ரவிவர்மா அச்சகம் பயன்படுத்திய, கல்லில் வரைந்து அச்சிடும் முறை) இல்லை, பிற்கால ஆஃப்செட் (தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாக அச்சிடும் முறை). அப்படியென்றால் அந்தப் பிரதி ரவிவர்மா காலத்தில் அச்சானது இல்லை. ஆனால் மூல ஓவியம் யாருடையது என்பதைப் புள்ளிகள் சொல்லாது, அதற்குக் கையெழுத்தும் பாணியும்தான் வேண்டும்.