சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பட்டறைக்கு வருகிற பையன்கள் டீ குடிக்கிற நேரத்தில் செல்போனில் பார்ப்பதெல்லாம் புகாட்டி, பகானி, கோனிக்செக் மாதிரி அதிவேகக் கார்கள்தான். "அண்ணே, மணிக்கு நானூறு கிலோமீட்டர் போகுதுண்ணே", "இத்தனை கோடியாம்ணே" என்று இரண்டே செய்திகள். தஞ்சாவூர் ரோட்டில் அறுபதைத் தாண்டினாலே ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்து நிற்கும். நமக்கெதற்கு நானூறு?

எனக்கும் இந்தக் கார்கள் பிடிக்கும், பைத்தியமாகவே பிடிக்கும். ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்க, வேகத்தையும் விலையையும் மட்டும் சொல்லிவிட்டுப் போவது, சாப்பிட்ட விருந்தை இலைக் கணக்கில் சொல்வது போல. டீசல் என்ஜினில் கை வைத்துப் பிழைப்பவன் நான். எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான்: அவ்வளவு சூட்டையும் இவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?

2005-ல் வந்த புகாட்டி வெய்ரானை எடுத்துக்கொள்வோம். 8 லிட்டர், 16 சிலிண்டர், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ நான்கு, 1001 குதிரைத்திறன். பெட்ரோல் என்ஜினில் எரிகிற எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகவே போகும். ஆயிரம் குதிரை வண்டியை இழுக்கும்போது இன்னும் இரண்டாயிரம் குதிரை அளவுக்குச் சூடு வெளியேற வழி தேடுகிறது. அதனால்தான் அந்தக் காரில் பத்து ரேடியேட்டர். என்ஜின் தண்ணீர், டர்போவிலிருந்து வரும் காற்று, என்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், ஏசி எல்லாவற்றுக்கும் தனித்தனி ஏற்பாடு.

இதன் அருமை அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். கூளமும் சுணையும் ரேடியேட்டர் வலையில் அப்பிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் ஹீட் முள் ஏறிவிடும். வயலுக்கு நடுவில் மெஷினை நிறுத்தி, தூசு மூக்கில் ஏற ஏற வலையைத் தட்டித் துடைக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கு என்பதால் வயல்காரர் வரப்பில் நின்று நம்மையே முறைத்துக்கொண்டிருப்பார். ஒற்றை ரேடியேட்டருக்குக் காற்று போய் வருவதே இவ்வளவு பாடு என்றால், தாழ்வான, வழவழப்பான ஒரு உடம்புக்குள் பத்துக்கும் வழி வகுப்பது என்ன வேலை என்று யோசியுங்கள். காற்று உள்ளே வர வாய் வேண்டும், சூடேறி வெளியே போக வழி வேண்டும். இரண்டும் காரின் வடிவத்தைக் கெடுக்கும், காற்றின் தடையைக் கூட்டும். எடையும் ஏறும். அதைச் சமாளிக்க இன்னும் குதிரை வேண்டும். இன்னும் குதிரை என்றால் இன்னும் சூடு.

எதிர்ப்பக்கத்தில் மெக்லாரன் எஃப்1 என்ற கார் நிற்கிறது. 1998-ல், என்ஜின் சுற்றுக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. குதிரைத்திறன் 627. எடை 1,138 கிலோ. டர்போ கிடையாது. வெய்ரான் எட்டியது சுமார் 407. எடை 1,888 கிலோ. இருபது கிலோமீட்டர் கூடுதலாகப் போக 370 குதிரை கூடுதலா என்று கேட்டால், ஆமாம், காற்று அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். வெய்ரான்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு, பணம் உள்ள எவரும் ஓட்டுகிற மாதிரி அதைச் செய்தார்கள். அது சாதாரண காரியமில்லை. இருந்தாலும் என் ஓட்டு மெக்லாரனுக்குத்தான்.

அதை வடிவமைத்தவர் கார்டன் மர்ரே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர், ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களில் ஊறியவர். ஓட்டுநர் இருக்கையை நடுவில் வைத்து, பயணிகள் இருவரையும் இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் உட்கார வைத்தார். கட்டுமானம் முழுக்கக் கார்பன் ஃபைபர். அது இரும்பு போலச் சூடு தாங்காது. இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின் சூட்டில் இளகிவிடும். முதுகுக்குப் பின்னாலேயே பன்னிரண்டு சிலிண்டர் பிஎம்டபிள்யூ என்ஜின். என்ன செய்தார்? என்ஜின் அறையின் சுவரில் தங்கத் தகடு ஒட்டினார். வெப்பக் கதிரைத் திருப்பியடிப்பதில் தங்கம் கெட்டி. ஒரு காருக்குச் சுமார் 16 கிராம், நம் ஊர்க் கணக்கில் இரண்டு பவுன். ஆடம்பரத்துக்காகத் தங்கம் வைத்ததாக நினைப்பவர்கள் உண்டு. திறந்து பார்த்தால்தான் தெரியும் அந்த இடத்தில் அதைத் தவிர வேறொன்றும் சரிப்படாது என்று.

இதே ஆசாமி 1978-ல் ஸ்வீடன் பந்தயத்துக்கு பிரபாம் அணிக் காரின் பின்னால் பெரிய விசிறி ஒன்றை மாட்டி அனுப்பினார். கேட்டால், ரேடியேட்டரைக் குளிர்விக்க என்று பதில். உண்மையில் அது காரின் அடியிலுள்ள காற்றை உறிஞ்சி, காரைத் தரையோடு இழுத்துப் பிடித்தது. பந்தய வீரர் நிக்கி லாடா அதை ஓட்டி ஜெயித்தார். அந்த ஒரு பந்தயத்தோடு கார் ஒதுக்கப்பட்டது. சூட்டைச் சாக்கு வைத்துச் செய்த குறும்பு! பிற்பாடு தன் சொந்தக் கம்பெனியில் டி.50 காருக்கும் 400 மில்லிமீட்டர் விசிறி வைத்திருக்கிறார். அந்தக் காரின் எடை ஆயிரம் கிலோகூட இல்லை. மனுஷன் திருந்தவே இல்லை.

இப்போது நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். டர்போ என்றால் என்ன? சைலன்சருக்குப் போகிற சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது. அறுவடை மெஷினிலும் அதுதான், வெய்ரானிலும் அதுதான். அந்தப் புகைப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். இதழ்கள் நடுவில் தடித்து, ஓரத்தில் நகம் அளவுக்கு மெலிந்து, ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு போகும். பெட்ரோல் காரில் ஆயிரம் டிகிரியை நெருங்கும் புகையில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டிய பொருள் அது. நிக்கல் கலவை உலோகம், கடைசல் பிடிக்க லேசில் மசியாது. இரண்டு பாதி அச்சில் ஊற்றினால் அந்த முறுக்கு அச்சை விட்டு வெளியே வராது. அதனால் முதலில் மெழுகில் செய்து, மேலே பீங்கான் குழம்பைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, உலோகத்தை ஊற்றி, பீங்கான் ஓட்டை உடைத்து எடுக்கிறார்கள்.

சுவாமிமலைப் பக்கம் சிலை வார்க்கிற ஆட்கள் இதைப் படித்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ஓலையை மடித்து அளவு பிடித்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலை மெல்லிசாக முதல் பூச்சுப் பூசி, மேலே களிமண் ஏற்றி, மெழுகை உருக்கி விட்டு, பஞ்சலோகம் ஊற்றி, மண்ணை உடைக்கிற அதே வேலை. அங்கே அச்சு ஒரு முறைக்குத்தான். மெழுகையும் கையாலேயே செய்வதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்று. கார்க் கம்பெனிகள் வேறு கலர் அடித்து, "உலகில் ஒன்றே ஒன்று" என்று தகடு குத்தி, விலையை ஏற்றுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை. மெக்லாரன் எஃப்1 மொத்தமே 106தான். ஆனால் ஒரு காருக்கு மூன்றரை மாதம் பிடித்தது, அந்த அபூர்வத்தை ஒப்புக்கொள்ளலாம்.

அதனால் நம் பக்கத்துப் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இண்டஸ்ட்ரியல் விசிட் என்று வருடா வருடம் பையன்களை ஊட்டிக்கும் மைசூருக்கும் பஸ் பிடித்து அழைத்துப் போகிறீர்கள், போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு காலை மட்டும் ஏதாவது டீசல் பட்டறையில் பழைய டர்போ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஸ்தபதி ஒருவரின் பட்டறையில் அவர்களை உட்கார வைத்து, டர்போச் சக்கரத்தையும் மெழுகுச் சிலையையும் கையில் கொடுங்கள். எந்த ஸ்தபதியும் மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு டவுன் பஸ்ஸே போகிறது.